இரட்டைத் திருத்தம்

அத்தியாயம் பதினேழு

இஷாம் தன் மகள் அஸ்மியாவைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சம்மதித்ததைப் போன வாரம் பார்த்தோம். படிப்பின் மீது அவருக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு இஷாமைத் தெரியாது.

கொழும்புப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தங்கை முப்லிஹாவின் படம் வந்தது. காத்தான்குடிப் பிரதான வீதியில் அவருடைய புடவைக்கடைக்கு எதிரே கடை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, வீதியைக் கடந்து வந்து கைகொடுத்தார். பதினெட்டு வருடமாக அந்த மனிதர் வீதியைக் கடந்ததில்லை. அந்தக் கைகுலுக்கலின் சூட்டில்தான் அஸ்மியாவுக்கு அனுமதி கிடைத்தது.

அதுவரைக்கும் இஷாமுக்கு முப்லிஹா, "வானத்த அண்ணாந்து பாத்துச் சம்பளம் எடுக்கிறவ." அதற்குப் பிறகு, "எங்கட முப்லிஹா."

அவள் என்ன செய்தாள் என்பது பத்திரிகைக்காரருக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். விஷயம் இதுதான். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. அந்த விரிவை ஏதோ ஒன்று வேகப்படுத்துகிறது. அது என்னவென்று தெரியாததால் இருண்ட சக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்றைக்கும் ஒரே அளவில் இருப்பதா, காலம் போகப் போக மெலிவதா என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் மோதிக்கொள்ளும் கேள்வி. மெலிகிறது என்றது முப்லிஹாவின் கட்டுரை. சுப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்கள் பல நூறின் வெளிச்சத்தை அளந்து, அருகில் உள்ளவற்றைத் தொலைவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, நான்கு வருட வேலையில் அவள் அங்கே வந்து சேர்ந்திருந்தாள். ஜெர்மனியில் இருந்து இயங்கும் ஆய்வுக் குழு ஒன்றின் பெயரில் கட்டுரை இணையத்தில் வெளிவந்து ஒரு மாதமாகிறது.

புதன்கிழமை பின்னேரம் அவளுக்குப் பாராட்டு விழா.

புதன்கிழமை விடிய, சுபஹுத் தொழுதுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். சிலியில் இருந்து முகம் தெரியாத ஓர் ஆய்வு மாணவி எழுதியிருந்தாள். அருகில் உள்ள விண்மீன்களின் அட்டவணையை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். பணிவான, இரண்டு வரிக் கடிதம். அனுப்புவதற்காக அட்டவணையைத் திறந்த முப்லிஹா, ஏழாவது நிரலின் தலைப்பை வாசித்தாள். வாசித்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

'திருத்தப்பட்ட ஒளிர்வு.'

அருகில் உள்ள விண்மீன்களைப் பழைய தொலைநோக்கிகளில் அளந்திருந்தார்கள். புதிய கருவிகளின் அளவோடு சேர்க்க வேண்டுமானால் அந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு திருத்தம் செய்ய வேண்டும். முப்லிஹா அந்தத் திருத்தத்தைச் செய்திருந்தாள். அட்டவணையைத் தந்தவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரே திருத்தம், இரண்டு முறை.

தன் கணினிச் செய்நிரலில் ஒரு வரியை அழித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் எடுத்தது. நான்கு வருடமாகச் சரிந்துகொண்டிருந்த கோடு நேராக நிமிர்ந்து படுத்தது. மெலிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஓ. எல். வகுப்புப் பிள்ளை விடுகிற பிழை என்று நினைத்தாள். அந்தப் பிள்ளைகூடத் தலைப்பை வாசித்திருக்கும்.

ஏழு மணிக்கு நல்லரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஓய்வுபெற்ற பேராசிரியர், அவளுடைய பழைய மேற்பார்வையாளர், கட்டுரையில் இரண்டாவது பெயர், பின்னேரம் பிரதம அதிதி. அந்தக் கட்டுரைக்கு அவர் செய்த பங்களிப்பு என்று அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: ஆறாவது இடத்தில் இருந்த தன் பெயரை இரண்டாவது இடத்துக்கு நகர்த்தியது.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"எத்தின பேர் இதைப் பாத்திருக்காங்க?" என்றார்.

"இப்ப நான் மட்டும். அட்டவணைய அனுப்பினா அந்தச் சிலிப் பிள்ளையும் பாக்கும்."

"ரெண்டு கிழமை கழிச்சு அனுப்பும். திருத்தம் போடுறது, கழிக்கிறது எல்லாம் கிளாக்கர் வேலை முப்லிஹா. நாங்க சொன்ன விஷயம் சரிதானே? வேற ஆக்களும் மெலியுது எண்டுதானே சொல்றாங்க?"

"அவங்க தங்கட தரவில இருந்து சொல்றாங்க சேர். நாங்க எங்கட பிழையில இருந்து சொல்லியிருக்கம்."

"பின்னேரம் மேடையில இந்தக் கதைய எடுக்காதேயும்," என்றார் நல்லரத்தினம். "நான் அமிர்தகழியில இருந்து இந்த வெயிலுக்க வெளிக்கிட்டு வாறது உம்மட அழுகையக் கேக்க இல்ல."

அவர் வைத்துவிட்டார். அவள் ஜெர்மனியில் இருக்கும் குழுத் தலைவிக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். கட்டுரையை மீளப் பெற வேண்டும் என்றும் எழுதினாள். எட்டு மணிக்கு மின்னஞ்சல் போனது.

பத்து மணிக்கு இஷாம் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் இருக்கும் மனைவியின் வீடு அடுத்த வீதியில். இது அவர் தங்கைக்காகக் கட்டிக் கொடுத்த வீடு. இந்த ஊரில் பெண்ணுக்கு வீடு எழுப்பிவிட்டுத்தான் மாப்பிள்ளை பார்ப்பார்கள். வீடு எழும்பிப் பன்னிரண்டு வருடம். வந்து பார்த்த இரண்டு குடும்பங்களும் வீட்டைப் பிடித்திருக்கிறது என்றார்கள். பெண் அதிகம் படித்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். இப்போது அங்கே முப்லிஹாவும் அவளுடைய உம்மா ஹவ்வா உம்மாவும் இருக்கிறார்கள்.

இஷாமின் கையில் விழா அழைப்பிதழ். அட்டையில் முப்லிஹாவின் படம், பக்கத்தில் வளையத்தோடு சனிக் கிரகம். அவளுடைய ஆய்வுக்கும் சனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அச்சகத்தில் வானம் என்றால் சனிதான்.

"உடுப்பு எடுத்து வெச்சிட்டியா? நாலரைக்குத் தொடங்கும். எம்.பி. வரமாட்டார், ஆனா ஆள் அனுப்புறார்."

"காக்கா," என்று அண்ணனை அழைத்தாள். "விழா வேணா. கட்டுரை பிழை."

இஷாம் அவளைப் பார்த்தார். காலையில் கண்டதை அவள் இரண்டு நிமிடத்தில் விளக்கினாள். இருண்ட சக்தி அவருக்கு விளங்கவில்லை. 'இரண்டு தரம்' மட்டும் விளங்கியது.

"அப்ப நீ சாமான ரெண்டு தரம் அளந்திட்ட."

"அப்பிடித்தான்."

"அதுக்கு என்ன இப்ப? அங்க வாறவனுக்கு ஆருக்கு இது விளங்கப் போகுது? சனிக் கிரகத்தப் போட்டிரிக்கன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது என்னத்துக்கு எண்டு கேட்டானா? கேக்கமாட்டான். பொன்னாடையப் போத்து, ரோல்ஸைத் தின்னு, படத்தப் போடு, போ. அவ்வளவுதான் சபை."

அவர் தன் ஊர்ச் சபையை இவ்வளவு இழிவாக மதிப்பார் என்று முப்லிஹாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த மதிப்பீடு சரியாகவும் இருந்தது.

"நான் மேடையில பொய் சொல்லமாட்டன்."

"உண்மையும் சொல்ல வேணா. நன்றி எண்டு சொல்லிட்டு இரு." அவர் எழுந்தார். குரல் உயரவில்லை. "நீ அங்க வாயத் தொறந்தா, அஸ்மியா பேராதனைக்குப் போற கதைய மறந்திடு. உன்னக் காட்டித்தான் அவ என்னட்ட ஓம் எண்டு சம்மதம் வாங்கின. உன்ட கத பொய் எண்டா அவட கதையும் முடிஞ்ச."

கதவடியில் நின்ற ஹவ்வா உம்மா, "தேத்தண்ணி குடிக்கல்லயா மகன்?" என்றார். மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

வாப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு அஸ்மியா பன்னிரண்டு மணிக்கு வந்தாள். இருபது வயது. கணிதப் பிரிவில் மாவட்டத்தின் முதல் பத்துக்குள் வந்தவள். அந்தப் பெறுபேறு வந்த நாளில் அவளுடைய வாப்பா மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வரச் சொல்லியிருந்தார். அதைத் தடுக்க அவள் பட்ட பாட்டைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம்.

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு மாமிக்கு நேரே உட்கார்ந்தாள்.

"ஜெர்மனிக்கு எழுதிட்டீங்களா மாமி?"

"எட்டு மணிக்கே."

"அப்ப சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை பதிவுக்குக் கடைசி நாள். எனக்காக வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்தாப் போதும். சனிக்கிழமை நீங்க லவுட்ஸ்பீக்கர் பூட்டிச் சொல்லுங்க. நான் வந்து வயர் பிடிக்கிறன்."

முப்லிஹாவுக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு சரியாக இருந்தது. இரண்டு நாள் மௌனத்தில் எந்த விண்மீனும் கெட்டுப்போகப் போவதில்லை.

"சரி," என்றாள்.

"வாக்கா?"

"வாக்கு. மூண்டு வரி நன்றி சொல்லிட்டு இருந்திடுவன்."

அஸ்மியா எழுந்து போகும்போது கதிரையை அதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

வாவிக்கரை ஓரத்து மண்டபத்தில் நாலரை மணி விழா ஐந்தே காலுக்குத் தொடங்கியது. குர்ஆனில் இருந்து கிறாஅத் ஓதி முடிந்ததும் இஷாம் வரவேற்புரை ஆற்றினார். அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது என்றார். அமெரிக்கா எப்போது, எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லவில்லை. எம்.பி. அனுப்பிய ஆள், இருண்ட சக்தியைக் கண்டுபிடித்த சகோதரி நம் மாவட்டத்தின் மின்வெட்டுக்கும் ஒரு தீர்வு காண வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் பகிடி விடவில்லை. எதிர்க்கடைக்காரர் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார்.

முப்லிஹா மேடையில் மடியில் கைகளைக் கோத்து இருந்தாள். மூன்று வரி மனப்பாடம். மண்டபத்தின் இடப்பக்கம், பெண்கள் வரிசையின் முதல் கதிரையில் அஸ்மியா. அவள் மாமியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பிறகு நல்லரத்தினம் எழுந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சால்வை.

"இந்தப் பிள்ளையிட்டத் திறமை இருக்கு," என்றார். "இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா எங்கட பகுதிப் பிள்ளைகளிட்ட உள்ள குறை என்ன? அவசரம். கவனம் காணாது. அதுக்குத்தான் தலைக்கு மேல ஒரு ஆள் வேணும். இந்தக் கட்டுரையில வந்த ஒவ்வொரு இலக்கத்தையும் நான் வரிவரியாச் சரி பார்த்தன். பார்த்த பிறகுதான் உலகத்துக்கு விட்டம்."

கைதட்டினார்கள்.

முப்லிஹா அவருடைய முகத்தைப் பார்த்தாள். காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் எல்லாம் கேட்ட மனிதர். கண் இமைக்கவில்லை. வாயோரத்தில் ஒரு திருப்தி. பன்னிரண்டு வருடத்துக்கு முன், "பெம்பிளைப் பிள்ளையளுக்குத் தரவுப் பதிவு நல்லா வரும்" என்று சொல்லி அவளை ஆய்வுக்குச் சேர்த்த நாளிலும் இதே திருப்தி அங்கே இருந்தது.

ஒலிவாங்கி அவளிடம் வந்தது.

"எல்லாருக்கும் நன்றி," என்றாள். அது முதல் வரி. இரண்டாவது வரி வரவில்லை.

"இந்தக் கட்டுரையில ஒரு பிழை இரிக்கு."

முன்வரிசை கைதட்டியது. எம்.பி.யின் ஆள் பக்கத்தில் இருந்தவரிடம், "தன்னடக்கம்," என்றார். ஒலிவாங்கியில் அது நன்றாகவே கேட்டது.

"தன்னடக்கம் இல்ல. நான் எழுதினது முழுக்கப் பிழை. ஒரே திருத்தத்த ரெண்டு தரம் செஞ்சிட்டன். அத எடுத்தா கட்டுரையில ஒண்டும் மிஞ்சாது. இருண்ட சக்தி மெலியுதா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. நான் கண்டுபிடிச்சது ஒண்டுமில்ல." அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். "பேராசிரியர் வரிவரியாப் பாத்த எண்டு சொன்னார். அவர் பாக்கல்ல. ஒரு வரி பாத்திருந்தாலும் கண்டிருப்பார். இது பிழை எண்டு இண்டைக்கு விடிய ஏழு மணிக்கு நான் அவருக்குச் சொன்ன. தெரிஞ்சுகொண்டுதான் இப்ப உங்களுக்கு முன்னால கதைச்சவர்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரலில் ஒரு இனிப்பு ஏறியது. அது அவளுக்கே கேட்டது.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "அப்ப என்னத்துக்குப் பொன்னாட?" என்றது. சிரிப்பு பின்னால் தொடங்கி முன்னால் வந்து சேர்ந்தது. எதிர்க்கடைக்காரர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு மறைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்து அதைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். அறிவிப்பாளர் சமயோசிதமானவர். சிற்றுண்டி பின்பக்கத்தில் பரிமாறப்படும் என்றார். சபை எழுந்தது. இஷாம் சொன்னது சரிதான், அவர்கள் ரோல்ஸைத் தின்றார்கள்.

நல்லரத்தினம் சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனார். "உமக்கு ஒரு கூட்டலும் சரியா வராது, ஒரு நன்றியும் சரியா வராது," என்றார், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அஸ்மியாவின் கதிரை காலியாக இருந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு இஷாம் வீட்டுக்கு வந்தார். பின்னால் அஸ்மியா. முப்லிஹா எழுந்து நின்றாள். ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்தாள். ஏச்சு வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

இஷாம் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம் பேசினார்.

"இரவைக்கே பதிவு செய். பேராதனை. அதே பௌதிகம்."

அஸ்மியாவுக்கு விளங்கவில்லை. "வாப்பா?"

"அந்த எதிர்க்கடைக்காரன் மண்டப வாசல்ல வெச்சுக் கேட்டான், 'தங்கச்சிக்குக் கணக்கு வராதா காக்கா' எண்டு. என்னட்டக் கேட்டான். முப்பது வருசம் நான் அளந்து வெட்டின துணியில ஒரு விரக்கடை கூடக் குறைய எண்டு ஒருத்தன் வந்ததில்ல. இப்ப எங்கட வீடு கணக்குத் தெரியாத வீடு." அவர் தொண்டையைச் செருமினார். "நீ போய்ப் படி. படிச்சு, இந்த வீட்டில கணக்குத் தெரிஞ்ச ஒருத்தியாவது இரிக்கா எண்டு காட்டு. இவளப் போல வராத. அதுக்குத்தான் அனுப்புறன்."

"பிழையக் கண்டுபிடிச்சதும் அவதானே," என்றார் ஹவ்வா உம்மா.

இஷாம் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அஸ்மியா வாசல் கேற்றடியில் நின்றாள். முப்லிஹா பின்னால் போனாள்.

"அஸ்மியா, உனக்குக் கிடைச்சிட்டு."

"உங்களால கிடைச்ச எண்டு நினைக்கிறீங்களா?"

"இல்ல."

"பகல் நீங்க எனக்கு வாக்குத் தந்த. ஜெர்மனிக்கு எழுதி முடிஞ்ச. உண்மைக்கு நீங்க செய்ய வேண்டியது எட்டு மணிக்கே முடிஞ்ச மாமி. மேடையில சொன்னது உண்மைக்காக இல்ல." அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அந்த ஆள மட்டம் தட்டணும் எண்டுதான் நீங்க அதச் சொன்ன. உங்கட முகத்த நான் பாத்துக்கொண்டுதான் இருந்த. அதுக்காக என்னத் தூக்கிப் போட்ட. வாப்பாக்கு வேற மாதிரி ரோசம் வந்ததால நான் தப்பின."

முப்லிஹா மறுக்க வாயெடுத்தாள். அஸ்மியா அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை முப்லிஹாவுக்கு நன்றாகத் தெரியும். அது இஷாமுடையது. மகளின் முகத்தில் அது இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தது. கச்சிதமாகப் பொருந்தியும் இருந்தது.

உள்ளே வந்தபோது மடிக்கணினியில் பதில் காத்திருந்தது. குழுத் தலைவி எழுதியிருந்தார். கட்டுரையை மீளப் பெறுவதை ஏற்றுக்கொள்வதாக முதல் பந்தி சொன்னது. நேர்மைக்கு நன்றி என்றும் சொன்னது. இரண்டாவது பந்தி வேறு.

பேராசிரியர் நல்லரத்தினம் இன்று நண்பகல் எங்களுக்கு எழுதியிருக்கிறார். இந்தப் பிழையைத் தான் முன்பே கண்டதாகவும், கட்டுரை வெளிவருவதற்கு எட்டு நாள் முன் உங்களுக்கு ஒலிச்செய்தி அனுப்பி எச்சரித்ததாகவும், நீங்கள் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்கிறார். இது உண்மையா? நாளைக் கூட்டத்துக்கு முன் உங்கள் பதில் வேண்டும்.

முப்லிஹா சிரித்தாள். நண்பகலில் இப்படி எழுதிவிட்டு, பின்னேரம் வரிவரியாகச் சரிபார்த்தேன் என்று மேடையில் சொல்ல அந்த ஒருவரால்தான் முடியும். காலையில் தொலைபேசியில் அவர் எச்சரிக்கை பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொய்யை அப்படியே படம் பிடித்து அனுப்புவதற்காகக் கைப்பேசியில் அவருடைய குறுஞ்செய்திப் பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு வருடமாக அந்தப் பக்கத்தை அவள் ஓசையில்லாமல் ஆக்கி வைத்திருந்தாள். காலை வணக்கப் பூக்கள், பொங்கல் வாழ்த்து, தன்னுடைய பேட்டி வந்த பத்திரிகைத் துண்டு, மறுபடி பூக்கள். அவற்றுக்கு நடுவே ஒலிச்செய்திகள், ஒன்றுகூடக் கேட்கப்படாதவை. அந்த மனிதர் சொல்லித் தனக்குத் தெரிய ஒன்றுமில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. கட்டுரை வெளிவருவதற்கு எட்டு நாள் முந்திய திகதி. இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி.

அழுத்தினாள்.

ஒரு செருமல். பின்னால் எங்கோ மின்விசிறி ஓடும் சத்தம். பிறகு அந்தக் குரல்: "முப்லிஹா, உம்மட அட்டவணையில ஏழாவது நிரல்..."

அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு நிமிடம் முப்பத்தொரு விநாடி மிச்சம் இருந்தது.